சொல்லுக்கும் ஊர் உண்டு: ஆங்கிலச் சொற்களின் வேரைத் தேட முழுமையான வழிகாட்டி

பெரம்பூரில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர், தையல் கடை நடத்துபவர், பிள்ளையின் பாடத்தைத் தானும் புரிந்துகொள்ள வந்த தாய்மார் என்று பதினைந்து பேர் வரை வருவார்கள். ஒரு நாள் பாடத்தில் ‘கேஷ்’ என்ற சொல் வந்தது. “இது நம்முடைய காசு. இங்கிருந்துதான் ஆங்கிலேயர் கொண்டுபோனார்கள்” என்று சொன்னேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. மருந்துக் கடைக்காரர் மட்டும், “அப்படியென்றால் கேஷியர் என்ற சொல்லும் காசிலிருந்து வந்ததா சார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எங்கேயோ கேட்டதைச் சரிபார்க்காமல் பதினைந்து பேர் தலையில் ஏற்றியிருக்கிறேன் என்பது மட்டும் உறைத்தது.

அந்த வார இறுதியில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அன்று தொடங்கிய பழக்கம் இது. ஆங்கிலச் சொல் ஒன்று எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, வழியில் என்ன பொருளெல்லாம் சுமந்தது என்று நீங்களே தேடிக் கண்டுபிடிக்க என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மொழியியல் பட்டம் வேண்டாம். பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். கேஷ் என்ன ஆனது என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கற்க வேண்டியவை சில இருக்கின்றன.

கையில் இருக்க வேண்டியவை

நான்கு அகராதிகள். முதலாவது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884-இல் முதல் பகுதி வெளிவந்து 1928-இல்தான் நிறைவுபெற்றது. ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில் யாருடைய எழுத்தில் முதலில் வந்தது, பிறகு எப்படியெல்லாம் மாறியது என்று சான்று வரிகளோடு காட்டும் நூல் அது. இணையத்தில் முழுமையாகப் படிக்கக் கட்டணம் உண்டு; பெரிய நூலகங்களின் குறிப்புதவிப் பகுதியில் கேட்டுப் பாருங்கள். கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் நான் முதலில் சொல்லும் இடங்கள். இரண்டாவது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘எட்டிம்ஆன்லைன்’ என்ற சொற்பிறப்பு அகராதி. அன்றாடத் தேவையில் பெரும்பகுதிக்கு இது போதும்.

மூன்றாவது ‘ஹாப்சன்-ஜாப்சன்’. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் பேசிய சொற்களுக்கென்றே யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்தது. பர்னெல் சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்தவர், தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர் என்பதால் தமிழ்ச் சொற்கள் அதில் நன்றாகவே இடம்பெற்றிருக்கின்றன. நான்காவது நம் பக்கத்தைச் சரிபார்க்க: சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன். அதோடு பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசம்.

முதல் படி: உங்கள் நாளிலிருந்து சொல்லை எடுங்கள்

அகராதியைத் திறந்து முதல் எழுத்திலிருந்து தொடங்காதீர்கள். மூன்றாம் நாளே அலுத்துவிடும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மாலை திரும்பும் வரை உங்கள் வாயில் வந்த ஆங்கிலச் சொற்களை எழுதுங்கள். பஸ், டிக்கெட், ஸ்டேஷன், ஆட்டோ, டிஃபன், ஹோட்டல், பியூன், கேஷ், கேப்சூல், நியூஸ். இவை தமிழாகவே ஆகிவிட்டதால் நாம் யோசிப்பதே இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் கடல் தாண்டி வந்தது. ‘டிஃபன்’ கூட இங்கிலாந்தின் வட்டார வழக்கில் இடையிடையே ஒரு மிடறு குடிப்பதைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. அதன் சொந்த மண்ணில் அதை அறிந்தவர் குறைவு. சென்னையில் அது இல்லாமல் பொழுது விடியாது.

ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இன்றைய பொருளை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். இது முக்கியம். பின்னால் பழைய பொருளைக் காணும்போது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளக்க இதுதான் அளவுகோல்.

இரண்டாம் படி: ஒரு படி மட்டும் பின்னால் போங்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். இன்றைய வடிவத்திலிருந்து ஒரே தாவலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் குதிக்கிறார்கள். சொல்லை நேரே பின்தொடருங்கள். அகராதி எந்த வடிவத்தைக் காட்டுகிறதோ அந்த வடிவத்தின் பதிவுக்குப் போங்கள். அங்கிருந்து அதற்கு முந்தையது.

‘பஸ்’ஸையே எடுத்துக்கொள்வோம். அகராதியில் ‘ஓம்னிபஸ் என்பதன் சுருக்கம்’ என்று இருக்கும். நின்றுவிடாதீர்கள், ஓம்னிபஸ்ஸைத் தேடுங்கள். பிரான்ஸில் நாந்து என்ற ஊரில் 1820-களில், காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்ற குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. 1828-இல் பாரிஸ், 1829 ஜூலையில் லண்டன். அதற்கு வைத்த பெயர் ‘எல்லோருக்குமான வண்டி’. வண்டி என்ற பகுதி விரைவிலேயே உதிர்ந்து ஓம்னிபஸ் மட்டும் நின்றது. இப்போது அதற்கும் ஒரு படி பின்னால்: லத்தீனில் ‘ஓம்னிஸ்’ என்றால் ‘எல்லாம்’. அது வேற்றுமை உருபு ஏற்று ‘எல்லோருக்கும்’ என்று ஆகும்போது ‘ஓம்னிபஸ்’. நம் இலக்கணத்தில் சொன்னால் நான்காம் வேற்றுமை. ‘கு’ உருபு செய்யும் வேலையை லத்தீனில் ‘பஸ்’ என்ற முடிவு செய்கிறது.

ஆக, நாம் தாம்பரத்தில் நின்று காத்திருக்கும் ‘பஸ்’ ஒரு வண்டியின் பெயரே இல்லை. ஒரு வேற்றுமை உருபு. ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லில் எல்லோரும் போய்விட்டு ‘உக்கும்’ மட்டும் மிஞ்சியதைப் போன்றது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. மதுரைக்கும் கோவைக்கும் இரவில் போகும் தனியார் வண்டிகளை ‘ஆம்னி பஸ்’ என்கிறோம். இங்கிலாந்தில் பிரிந்த இரண்டு துண்டுகள் இங்கே மறுபடி ஒட்டி நிற்கின்றன. செய்தித்தாள்கள் ‘ஆம்னி பேருந்து’ என்று எழுதும்போது உருபு தமிழாகி, ‘எல்லாம்’ மட்டும் லத்தீனாக நிற்கிறது. இதை வகுப்பில் சொன்ன நாளிலிருந்து தையல் கடை அம்மா ஆம்னி பஸ்ஸில் ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்.

அகராதிப் பதிவைப் படிக்கும்போது மூன்று குறிப்புகளைக் கவனியுங்கள். ‘இன்ன மொழியிலிருந்து’ என்றால் அது தாய். ‘ஒப்பிடுக’ என்றால் அது சகோதரம். அதிலிருந்து வந்தது என்று பொருள் இல்லை. நட்சத்திரக் குறி போட்ட வடிவம், எந்தக் கல்வெட்டிலும் நூலிலும் கிடைக்காதது. அறிஞர்கள் பின்னோக்கிக் கணித்தது. ‘ஒருவேளை’, ‘அநேகமாக’ என்று அகராதி தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே நோட்டில் எழுதுங்கள். உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லுக்கும் ‘சேலரி’க்கும் உறவு உறுதி. ஆனால் ரோமானியப் படைவீரனுக்குச் சம்பளமே உப்பாகத்தான் கொடுத்தார்கள் என்று எந்தப் பழைய ரோமானிய நூலும் சொல்லவில்லை. அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டு எழுதியதால்தான் அது இன்று எல்லோர் வாயிலும் உண்மையாக உலவுகிறது.

மூன்றாம் படி: துண்டுகளாகப் பிரியுங்கள்

பல சொற்கள் கூட்டுச் சொற்கள். ‘ஆட்டோ ரிக்‌ஷா’வைப் பாருங்கள். ‘ஆட்டோ’ கிரேக்கம், ‘தானே’ என்று பொருள். ‘ரிக்‌ஷா’ ஜப்பானிய மொழியின் ‘ஜின்-ரிகி-ஷா’விலிருந்து வந்தது: மனிதன், ஆற்றல், வண்டி. மனித ஆற்றலால் ஓடும் வண்டி. ஆங்கிலத்துக்கு வந்ததும் முதல் துண்டான மனிதன் உதிர்ந்துவிட்டான். சொல்லில் இல்லாமல்போன மனிதன் தெருவில் இழுத்துக்கொண்டேதான் இருந்தான். தமிழ்நாட்டில் கையால் இழுக்கும் ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது 1973-இல். ஒரு சொல்லைப் பிரித்தால் இவ்வளவு கிடைக்கும்.

‘ஸ்டேஷன்’ என்பதன் வேர் லத்தீனில் ‘நிற்றல்’. நாம் ‘நிலையம்’ என்கிறோம். அதன் வேரும் ‘நில்’. ஸ்டேட், ஸ்டேட்டஸ், ஸ்டேச்யூ எல்லாம் அதே நிற்றலின் பிள்ளைகள். நிலை, நிலம், நிலுவை என்று தமிழில் அடுக்கிப் பாருங்கள். இரண்டு மொழிகளும் தொடர்பே இல்லாமல் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

நான்காம் படி: உடன்பிறப்புகளைத் தேடுங்கள்

ஒரு வேர் கிடைத்ததும், அதே வேரிலிருந்து வேறு என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். வகுப்பில் மாணவர்கள் மிகவும் விரும்பும் படி இதுதான். மனப்பாடம் செய்யாமலே ஒரே நேரத்தில் ஐந்தாறு சொற்கள் நினைவில் தங்கிவிடும்.

ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல் மூன்றும் ஒரே சொல். விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் ஒருசேரக் குறித்த லத்தீன் ‘ஹோஸ்பெஸ்’ இவற்றுக்கு மூலம். வழிப்போக்கரைத் தங்கவைத்த இடம் ஒரு பக்கம் நோயாளிக்கும், ஒரு பக்கம் மாணவருக்கும், ஒரு பக்கம் காசு கொடுப்பவருக்கும் என்று பிரிந்தது. சென்னையில் அது இன்னொரு அடி நகர்ந்து, தங்கும் இடம் என்பதைவிடச் சாப்பிடும் இடம் என்றே நிலைத்துவிட்டது. ‘விருந்து’ என்ற நம் சொல்லும் இதே பாதையில் நடந்திருப்பதைக் கவனியுங்கள். தொல்காப்பியத்தில் விருந்து என்றால் புதுமை. பிறகு வீட்டுக்கு வந்த புதியவர். இன்று அவருக்குப் படைக்கும் சாப்பாடு.

‘டிக்கெட்’டின் உடன்பிறப்பு ‘எட்டிக்கெட்’. பிரெஞ்சில் ‘ஒட்டிய சீட்டு’ என்று பொருள்படும் ஒரே சொல், 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு டிக்கெட்டாகவும், 18-ஆம் நூற்றாண்டில் நடத்தை முறையைக் குறிக்கும் எட்டிக்கெட்டாகவும் இரண்டு தடவை வந்தது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது ‘பியூன்’. போர்த்துகீசிய மொழியில் அது நடந்து போகும் சிப்பாயைக் குறித்தது. அடியில் இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர், ‘பெத்’. சதுரங்கத்தில் சிறிய காயான ‘பான்’ இதே சொல்தான். தமிழில் அந்தக் காய்க்குக் ‘காலாள்’ என்றும் பெயர் உண்டு, கால், ஆள். அப்படியே அதே பொருள். படைக்கு முன்னால் நடந்து பள்ளம் வெட்டிப் பாதை போட்ட காலாளிலிருந்துதான் ‘பயனியர்’, அதாவது முன்னோடி, வந்தது. பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாமே அந்தப் பாதத்தின் வழி. அலுவலகத்தில் கடைசி நாற்காலிக்காரர் என்று நாம் நினைக்கும் பெயரும், வழிகாட்டி என்று நாம் மேடையில் புகழும் பெயரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பியூனாக வேலை பார்க்கும் ஒருவர் என் வகுப்பில் இருந்தார். இதைச் சொன்னதும் தன் நோட்டில் இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டார்.

ஐந்தாம் படி: பொருள் நடந்த வழியைக் குறியுங்கள்

சொல்லின் ஒலி மெதுவாக மாறும். பொருள் சில சமயம் தலைகீழாகக் கவிழும். ‘நைஸ்’ இன்று இனிமை. 1300-ஐ ஒட்டி அது ஆங்கிலத்தில் அறிவிலியைக் குறித்தது. லத்தீனில் ‘அறியாத’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அசட்டுத்தனம், அளவுக்கு மீறிய நாசூக்கு, நுட்பம் என்று நகர்ந்து 18-ஆம் நூற்றாண்டில்தான் இனிமையை அடைந்தது. முட்டாள்தனத்தைக் குறிக்கும் ‘சில்லி’ இதற்கு நேரெதிர். பழைய ஆங்கிலத்தில் ‘அருள் பெற்ற’ என்று தொடங்கி, கள்ளமற்ற, பரிதாபத்துக்குரிய என்று இறங்கி, கடைசியில் முட்டாள் ஆனது.

மாணவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். அப்போது நான் தமிழுக்கு வருவேன். திருக்குறளில் மொட்டுக்குள் இருக்கும் ‘நாற்றம்’ நறுமணம். இன்று அந்தச் சொல்லை யாராவது நம் சமையலுக்குச் சொன்னால் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கே வள்ளுவர் காலத்துப் பெயர் ‘வெகுளி’. சினம் கொள்ளாமையைச் சொல்லும் அதிகாரம் ‘வெகுளாமை’. இன்று வெகுளி என்றால் சூது தெரியாத அப்பாவி. நம் மொழியில் நடந்ததுதான் அங்கும் நடந்திருக்கிறது.

ஆறாம் படி: ஒலி ஒற்றுமையைச் சாட்சியாக ஏற்காதீர்கள்

இந்த வழிகாட்டியை எழுதியதே இந்தப் படிக்காகத்தான். ஆங்கிலச் சொல் ஏதாவது தமிழ்ச் சொல்லைப் போல ஒலித்தால் உடனே ‘தமிழிலிருந்து போனது’ என்று முடிவு கட்டுகிறோம். நானும் செய்தேன். தமிழ் மேல் உள்ள அன்பில் செய்கிறோம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தவறான சான்று, சரியான சான்றின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

‘எய்ட்’, எட்டு. இதைவிட நெருக்கமான ஒலி கிடைக்காது. இரண்டையும் இரண்டாம் படியில் சொன்னபடி பின்னால் நடத்திப் பாருங்கள். எய்ட்டின் நடுவில் ஒலிக்காமல் நிற்கும் இரண்டு எழுத்துகள் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து ஒலித்தவை. ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ஆக்ட்’ என்பதற்கு அருகில் ஒலிக்கிறது. லத்தீனில் ‘ஒக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. தமிழ் எட்டு? எண்பது, எண்ணூறு, எண்திசை. வேர் ‘எண்’. கன்னடத்தில் ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. பின்னால் போகப் போக ஒன்று ‘ஒக்’ நோக்கிப் போகிறது, மற்றது ‘எண்’ நோக்கிப் போகிறது. உறவு இருந்தால் பழைய வடிவங்கள் நெருங்க வேண்டும், இவை விலகுகின்றன. இன்றைய ஒற்றுமை தற்செயல்.

மறுபுறம், உண்மையான உறவு காதுக்கு ஒத்திருக்க வேண்டியதே இல்லை. முறையாக வேறுபட்டால் போதும். தமிழ் பால், கன்னட ஹாலு, புலி, ஹுலி, பல், ஹல்லு, பூ, ஹூவு. ஒரு சொல் இல்லை, வரிசையாகப் பல சொற்களில், தமிழில் முதலில் ‘ப’ இருக்கும் இடத்தில் கன்னடத்தில் ‘ஹ’ வருகிறது. இந்த ஒழுங்குதான் சாட்சி. லத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே இதே போன்ற ஒழுங்கை ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822-இல் விளக்கினார்: அங்கே ‘ப’ இருந்தால் இங்கே ‘ஃப’. பாதத்துக்கு லத்தீனில் ‘பெத்’, ஆங்கிலத்தில் ‘ஃபுட்’. தந்தைக்கு ‘பாத்தர்’, ‘ஃபாதர்’. மீனுக்கு ‘பிஸ்கிஸ்’, ‘ஃபிஷ்’. சமஸ்கிருதத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாதம், பிதா ஆகியவையும் இந்த வரிசையில் வந்து நிற்கும்.

இந்த இடத்தில் சென்னைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று சான்றுகளோடு அச்சில் முதலில் காட்டியவர் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ். ஆண்டு 1816. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்துக்கு நாற்பது ஆண்டுகள் முன்னால், இந்த ஊரில்.

சரி, கேஷ். தேடியதில் ஆங்கிலத்தில் அந்த வடிவத்தில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருப்பது தெரிந்தது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ், லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் ‘காப்சா’ என்ற சொல், இத்தாலிய, பிரெஞ்சு வழிகளில் மாறி வந்தது. முதலில் பணப்பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணம். கேஷியர் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர். ‘கேஸ்’ என்ற பெட்டியும் அதுதான். ‘கேப்சூல்’ என்றால் சின்னஞ்சிறு பெட்டி. மருந்துக் கடைக்காரர் அன்றாடம் கேஷ் வாங்கிக்கொண்டு கேப்சூல் கொடுக்கிறார். ஒரே சொல்லைக் கொடுத்து ஒரே சொல்லை வாங்குகிறார்.

இன்னொரு ‘கேஷ்’ நம்முடையது. சிறு நாணயத்தைக் குறிக்கும் அந்தச் சொல் தமிழ் ‘காசு’, போர்த்துகீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பழைய சென்னை நாணய முறையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ‘பணம்’ அவர்கள் வாயில் ‘ஃபனம்’ ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனி 1808-இல் இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயங்களில் ‘20 கேஷ்’ என்றே பொறித்திருக்கிறார்கள். அப்படிச் செப்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809-இல் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. நடுவில் துளையிட்ட சீனச் செப்பு நாணயங்களையும் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்கிறார்கள். அதுவும் நம் காசின் நிழல்தான். அடுத்த வகுப்பில் இதை முழுவதும் சொல்லி, முன்பு சொன்னதைத் திருத்தினேன்.

ஏழாம் படி: நம் கரையில் கப்பல் ஏறிய சொற்கள்

தமிழ் உண்மையாகவே கொடுத்த சொற்களுக்கு வழித்தடம் தெளிவாகக் கிடைக்கும். போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறினார்கள். ஆங்கிலேயர் 1639-இல் கோட்டைக்கான இடத்தைப் பெற்றார்கள். ஆகவே இக்கரைச் சொற்கள் பலவற்றில் போர்த்துகீசிய முத்திரை இருக்கும். ‘கறி’ அவர்களிடம் ‘கரில்’ ஆகிப் பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணீர் ‘மல்லிகாடானி’ என்ற சூப் ஆனது. கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையில் கண்டு 1697-இல் அச்சேற்றினார் கப்பலோட்டி டாம்பியர். இன்று ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ என்றால் இரட்டை உடல் கொண்ட படகு. மரங்களைக் கயிற்றால் கட்டிய நம் கட்டுமரம் காசிமேட்டிலேயே அரிதாகிவிட்டது. பெயர் மட்டும் உலகம் சுற்றுகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய மகிழ்ச்சி தந்தது ‘ஜிஞ்சர்’. இதன் பயணத்தைப் படி விடாமல் பின்தொடரலாம். பழைய ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சிஃபர்’, லத்தீனில் ‘ஜிஞ்சிபெர்’, கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’, பாலியில் ‘சிங்கிவேர’. அந்தக் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். ‘வேர்’. இஞ்சி வேர். சமஸ்கிருதத்தில் அதைக் ‘கொம்பு போன்ற உடல்’ என்று பிரித்துப் பொருள் சொன்னார்கள். அறிஞர்கள் அதைப் பின்னால் ஒட்டவைத்த விளக்கம் என்கிறார்கள். இஞ்சிக்கு முன்னால் ‘ச’ எங்கே என்று கேட்பீர்கள். சிறகு, இறகு; சிப்பி, இப்பி. முதலில் நிற்கும் சகரம் உதிர்வது தமிழில் பழைய வழக்கம். சகரம் உதிரும் முன்பே அந்தச் சொல் வடக்கே போய்விட்டது. ரோமாபுரிக் கப்பலில் ஏறிய மூட்டையோடு பெயரும் போயிருக்கிறது. ‘கேஷ் நம்முடையது’ என்று அவசரப்பட்டதைவிட, ஒவ்வொரு துறைமுகத்திலும் சான்று காட்டி நிற்கும் இந்த இஞ்சி எவ்வளவு பெரிய பெருமை!

இந்த வரிசையில் ஒரு சொல்லை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒதுக்கப்பட்டவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘பரையா’ என்கிறார்கள். செய்திகளில் ஒரு நாட்டைக் கண்டிக்கவும் எழுதுகிறார்கள். பறை என்ற தொன்மையான இசைக்கருவியோடு இணைந்த ஒரு சமூகத்தின் பெயரை எடுத்து, அவர்கள் மேல் சுமத்தப்பட்ட கொடுமையையே சொல்லின் பொருளாக்கிவிட்டார்கள். வேர் தெரிந்த பிறகு நான் அந்தச் சொல்லை எழுதுவதில்லை. வகுப்பில் வந்தால், என்ன பொருள் என்பதோடு ஏன் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எட்டாம் படி: அழகான கதை கேட்டால் தேதியைக் கேளுங்கள்

‘நியூஸ்’ என்றால் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கில முதல் எழுத்துகள் என்று நம் பிள்ளைகள் அனைவரும் பள்ளியில் கேட்டிருப்பார்கள். அப்படி இல்லை. ‘நியூ’, புதியது, பன்மையில் புதியவை. பழைய எழுத்துமுறையில் கடைசிக்கு முன்னால் இன்னொரு ‘இ’ உண்டு. திசைக் கதை அதோடு உடைந்துவிடும். முதல் எழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்கும் வழக்கம் பரவியது 20-ஆம் நூற்றாண்டில்தான்; ரேடார், லேசர் அப்படிப் பிறந்தவை. அதைவிடப் பழைய சொல்லுக்கு யாராவது முதல் எழுத்துக் கதை சொன்னால் ஐயப்படுங்கள். உணவகத்தில் வைக்கும் ‘டிப்’, ஆடம்பரத்தைக் குறிக்கும் ‘பாஷ்’ இரண்டுக்கும் இதே கதி. பாஷின் நான்கு எழுத்துகளை, இந்தியாவுக்கு வந்த கப்பலில் நிழல் விழும் அறையோடு இணைத்துச் சொல்வார்கள். அந்த எழுத்துகள் பொறித்த கப்பல் டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை.

நியூஸின் உண்மைக் கதையே போதுமான அழகுடையது. ‘நாவல்’ என்பதன் வேரும் லத்தீனில் ‘புதியது’. தமிழில் நாவலைப் ‘புதினம்’ என்கிறோம். யாழ்ப்பாணத் தமிழில் ‘என்ன புதினம்?’ என்றால் ‘என்ன செய்தி?’ என்று பொருள். ஆங்கிலத்தில் செய்தியும் கதையும் புதுமையிலிருந்து பிறந்தது போலவே தமிழிலும் ஒரே சொல் கடலின் இரு கரையிலும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

ஒன்பதாம் படி: நோட்டில் ஏற்றுங்கள்

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் விடுங்கள். மேலே இன்றைய பொருள். அடுத்து முதல் சான்று கிடைத்த காலம். பிறகு மொழி மொழியாக வழித்தடம், உடன்பிறப்புகள். கடைசியாக, எவ்வளவு உறுதி என்று ஒரு வரி. கடைசி வரியைக் காலியாக விடாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு தமிழ்ச் சொல்லை எதிர்த் திசையில் நடத்தலாம். ‘துட்டு’ பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரரின் செப்பு நாணயப் பெயர். ‘ஜன்னல்’ போர்த்துகீசிய ‘ஜனெலா’. அதன் அடியில் கதவைக் குறிக்கும் லத்தீன் சொல் இருக்கிறது. ஆண்டின் வாசலான ஜனவரியும் வாசற்காவலரான ‘ஜானிட்டர்’ என்பவரும் அந்தக் குடும்பம்.

நீங்கள் முழுப் பக்கம் எழுத ‘சாவி’யை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துகீசியத்தில் ‘ஷாவி’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும். லத்தீனில் ‘கிளாவிஸ்’. முதல் ஒலி ஏன் இவ்வளவு மாறியது என்று அங்கேயே நின்று கேளுங்கள். லத்தீனில் ‘கூப்பிடு’ என்பது ‘கிளாமாரே’, போர்த்துகீசியத்தில் ‘ஷமார்’. அதே மாற்றம், அதே இடத்தில், ஒழுங்கு கிடைத்துவிட்டது. ஆங்கிலத்தில் இந்தச் சாவியின் உடன்பிறப்பு ‘கிளாவிக்கிள்’, சின்னச் சாவி. கழுத்துக்குக் கீழே இரு பக்கமும் விரலால் தடவினால் தட்டுப்படும் எலும்பின் பெயர் அது. அதே எலும்புக்குத் தமிழில் காறை எலும்பு என்று பெயர். காறை என்பது கழுத்தில் அணியும் வளையம்.